வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை

ராய்ப்பூருக்கு வந்த முதல் வாரத்தில் காலையில் எழுந்ததும் என் கை தானாகச் சுவரைத் தேடிப் போகும். கிழிக்க அங்கே ஒன்றும் இருக்காது. மன்னார்குடியில் எங்கள் வீட்டில் தினசரி காலண்டரின் தாளைக் கிழிப்பது என் வேலை. பல் தேய்ப்பதற்கு முன்பே அது முடிந்துவிடும். கிழித்த தாளை அம்மா வாங்கிப் பார்ப்பாள். தேதியை அல்ல, கீழே பொடி எழுத்தில் போட்டிருக்கும் ராகு காலத்தையும் எமகண்டத்தையும். இங்கே அந்த மாதிரிக் காலண்டருக்கு நாலைந்து கடை ஏறி இறங்கினேன். எல்லோரும் மாதத்துக்கு ஒரு தாளாகப் பன்னிரண்டு தாள் உள்ளதையே எடுத்து நீட்டினார்கள். எனக்கு இந்தி அப்போது நாற்பது வாக்கியம்தான் தெரியும், அதிலும் பாதி "வலி எங்கே இருக்கிறது" வகை. ஆகவே ஒரு கடையில், தினமும் ஒன்று இப்படி, என்று காலண்டரைக் கிழிப்பது போலக் கையால் செய்து காட்டினேன். கடைக்காரர் பதறிப் போய் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "ஏன் தீதி கிழிக்க வேண்டும்? நல்ல காலண்டர், வருஷம் முழுக்க வரும்" என்றார்.

நான் நர்ஸ். மன்னார்குடியில் இருபது படுக்கை உள்ள ஒரு தனியார் நர்சிங் ஹோமில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். கணவர் செந்தில் ராய்ப்பூருக்கு வெளியே ஓர் உருக்கு ஆலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறார். கல்யாணமாகி முதல் வருடம் நான் அங்கே, அவர் இங்கே. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ரயிலில் வந்து போகிற விருந்தாளியாகத்தான் அவரை எனக்குப் பழக்கம். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். நான் இங்கே வந்து வேலை தேடுவது. ஆடி முடிவதற்குள் கிடைத்தால் இருவருக்கும் ஒரே வீடு. கிடைக்காவிட்டால் நான் திரும்பிப் போய்விடுவது, மறுபடி இரண்டு வீடு. அவருடையது ஒப்பந்த வேலை. நான் படித்த படிப்பை வைத்துக்கொண்டு சும்மா உட்கார எங்கள் இரண்டு பேர் வீட்டு நிலைமையும் இடம் தராது. நர்சிங் ஹோமில் என் இடத்துக்கு அதுவரை ஆள் எடுக்காமல் பார்த்துக்கொள்வதாக எங்கள் சீனியர் சுமதி அக்கா சொல்லியிருந்தார். போக ஒரு வழி, திரும்ப ஒரு வழி. கேட்பதற்கு நிம்மதியான ஏற்பாடு. அதற்குள் இருந்து பார்த்தால் ஒவ்வொரு நாளும் திரும்புகிற பக்கம்தான் கண்ணுக்குத் தெரியும்.

வேறு மாநிலத்துக்குப் போகும் நர்ஸ் தங்கைகள் என்னிடம் கேட்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பெட்டி கட்டுவதற்கு முன் ஃபைல் கட்டுங்கள். தமிழ்நாட்டு நர்சிங் கவுன்சிலில் நம் பெயர் பதிவாகியிருப்பது தமிழ்நாட்டில் வேலை பார்க்கத்தான். வெளியே போவதற்கு ஆட்சேபம் இல்லை என்று அங்கே ஒரு என்.ஓ.சி. வாங்கி, போகிற மாநிலத்துக் கவுன்சிலில் மறுபடி பதிய வேண்டும். நான் எதற்கும் பட்டியல் போடுகிறவள். பத்தாவது, பன்னிரண்டாவது, நர்சிங் மதிப்பெண் பட்டியல் வருடவாரியாக, பதிவுச் சான்று, அனுபவச் சான்று, ஒவ்வொன்றுக்கும் நான்கு நகல், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு டிக். அப்படியும் காத்திருப்பு என்ற ஒன்றைப் பட்டியலில் சேர்க்க மறந்துவிட்டேன். இங்கே பதிவு எண் வரும்வரை எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதல் கேள்வி அதுவாகவே இருந்தது. இல்லை என்றதும் என் ஃபைலை மூடி, இரண்டு கையாலும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். செந்தில் ஆறரைக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவார். அதன்பிறகு வீட்டில் நானும் ஃபேனும். ஒருநாள் அவர் திரும்பி வந்தபோது நான் சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் பெயரும் வாங்கிய தேதியும் எழுதி ஒட்டியிருந்தேன். அவர் மிளகாய்த்தூள் டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு எத்தனை வேளை? சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றார். சிரித்தேன். ஆனால் அன்று மத்தியானம் முழுக்க ஊருக்கு எந்த ரயில் எந்தக் கிழமையில் என்று பார்த்துக்கொண்டிருந்ததை அவரிடம் சொல்லவில்லை.

ஒருவழியாகப் பதிவு எண் வந்தது. அடுத்த வாரமே ஒரு பெரிய மருத்துவமனையில் கூப்பிட்டார்கள். நர்சிங் சூப்பரின்டென்டென்ட் சாஹூ மேடம் இந்த மாநிலத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும், கேள்விகளைக் குனிந்தபடியே கேட்பார். என்ன மாதிரி நோயாளிகளைப் பார்த்திருக்கிறாய் என்றார். பாம்புக்கடி, பூச்சிமருந்து குடித்தவர்கள், நடவு வயலில் காலில் சேற்றுப்புண் வந்த பெண்கள், பிரசவம், என்று விரல் விட்டுச் சொன்னேன். "வயல் ஊரா?" என்று முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். ஆமாம் என்றேன். "இதுவும் வயல் ஊர்தான். பதினைந்து நாள் ட்ரையல். பார்க்கலாம்" என்றார்.

வயல் ஊர்தான், சந்தேகமில்லை. மருத்துவமனைக்குப் போகும் பஸ்ஸில் ஊருக்கு வெளியே கொஞ்ச தூரம் இரண்டு பக்கமும் நாற்று நட்டிருக்கும். ஆனால் வரப்புகளில் மரம் நிற்கிறது. கருவேலமும் பெயர் தெரியாத மற்றவையும் ஒவ்வொரு வயலுக்கும் காவல் போட்டது போல. நம் பக்கத்தில் மன்னார்குடியிலிருந்து திருவாரூர் போனால் கண்ணுக்குத் தடங்கல் இல்லாமல் பச்சைதான். அங்கே தண்ணீர் வாய்க்காலில் வரும். எப்போது திறப்பார்கள், எப்போது நம் மடைக்கு வரும் என்று அப்பா நாள் எண்ணிக்கொண்டிருப்பார். இங்கே பெரும்பாலும் மழைதான் என்று பஸ்ஸில் ஒருவர் சொன்னார். வானத்தைப் பார்த்து நட்டுவிட்டு மறுபடி வானத்தைப் பார்ப்பார்களாம். நெல்லோடே வளர்ந்த எனக்கு அந்த வயல்களைப் பார்க்கும்போது, தெரிந்தவர் என்று நினைத்துக் கையைத் தூக்கிவிட்டு, வேறு யாரோ என்று தெரிந்து தலையைக் கோதிக்கொள்வது போல இருக்கும்.

ட்ரையலின் முதல் பதினொரு நாட்களை எப்படிக் கடந்தேன் என்று கேட்டால் பட்டியலால்தான் என்பேன். என் நாற்பது வாக்கியங்கள் நூற்றிருபது ஆயின. ஊரில் எல்லாம் நோட்டுப் புத்தகம். இங்கே ஊசி போட்டால்கூட கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். எந்தப் பொத்தானுக்குப் பிறகு எந்தப் பொத்தான் என்று உள்ளங்கை அளவு தாளில் எழுதி மருந்துத் தட்டின் அடியில் வைத்திருந்தேன். ஒரு தவறும் செய்யவில்லை. அதுவே பயமாக இருந்தது. எதில் தவறுவேன் என்று தேடிக்கொண்டே இருந்தேன். ஊசி அளவில், மருந்துப் பெயரில், மொழியில் என்று எல்லா இடத்திலும் காவல் போட்டேன். தவறு வந்தது நான் காவலே போடாத இடத்திலிருந்து.

அதைச் சொல்வதற்கு முன் மன்னார்குடிக்கு ஒருமுறை போய்வர வேண்டும். நர்சிங் ஹோமில் நான் சேர்ந்த இரண்டாம் மாதம். வடுவூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து டிஸ்சார்ஜ். புதன்கிழமை பன்னிரண்டரைக்கு எல்லாம் முடித்து ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அதே ஆட்டோ திரும்பி வந்து நின்றது. பெரியவரின் மகள் இறங்கி வந்து, "ஏம்மா, நேரம் காலம் பாக்காம அனுப்பிட்டியே, தெருமுனைல போனப்பதான் ஞாபகம் வந்துச்சு. ராகு காலத்துல கெளம்புனா மறுபடி இங்கயே வந்து படுக்கணுமா நாங்க?" என்றாள். பெரியவரை மறுபடி அதே படுக்கையில் ஏற்றி, ஒன்றரை அடித்த பிறகு புதிதாகக் கிளப்பினார்கள். சுமதி அக்கா எல்லார் எதிரிலும் சிரித்தார். "ஏண்டி கயலு, ஊசின்னா எந்த நேரத்துல வேணும்னாலும் குத்திக்குவாங்க. வீட்டுக்குப் போறதுக்கு மட்டும்தான் நேரம் பாப்பாங்க. இதெல்லாம் காலேஜ்ல சொல்லித் தரலியா ஒனக்கு?" மறுநாள் நான் ஏழு கிழமைக்கும் அட்டவணை எழுதி நர்ஸ் அறை அலமாரியின் உள்கதவில் ஒட்டினேன். கூத்தாநல்லூர் பக்கத்திலிருந்து வரும் பாய் வீட்டுக்காரர்கள் வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு முன்பே போய்விட விரும்புவார்கள் என்பதால் அதையும் சேர்த்தேன். வெள்ளி பத்தரைக்கு முன் அவர்கள், பன்னிரண்டுக்குப் பின் ராகு காலம் பார்ப்பவர்கள். யாரும் கேட்க வேண்டியதே இருக்காது. அந்த நேரத்தில் ஃபைலை அடியில் வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்போம். நேரம் கழிந்ததும் மேலே எடுப்போம். படுக்கைக்கு அங்கே அடிதடி கிடையாது. நோயாளிகளும், "இந்தப் பொண்ணுக்கு வெவரம் தெரியுது" என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இருந்ததா என்றால், இல்லை. கை கழுவுவது போல அதுவும் வேலையில் ஒரு பகுதி.

ராய்ப்பூரில் பன்னிரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை. பதினான்காம் படுக்கையில் பித்தப்பை ஆபரேஷன் ஆன ஓர் அம்மாள், பக்கத்துக் கிராமத்துக்காரர், கூட அவர் மகன். டாக்டர் கையெழுத்து, பில் எல்லாம் முடிந்து பத்தேமுக்காலுக்கு ஃபைல் என்னிடம் வந்தது. நான் செய்ய வேண்டியது மூன்று: கையில் இருந்த ஊசிக் குழாயை எடுப்பது, மாத்திரைகளை விளக்குவது, கம்ப்யூட்டரில் படுக்கையை விடுவிப்பது. பத்து நிமிட வேலை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். என் கை அந்த ஃபைலை எடுத்து மற்ற ஃபைல்களுக்கு அடியில் வைத்தது. இதை எழுதும்போதும் எனக்கு வியர்க்கிறது: நான் எதையும் யோசிக்கவில்லை. மற்ற படுக்கைகளுக்குப் போய் ரத்த அழுத்தம் பார்த்தேன், கட்டு மாற்றினேன். வீட்டுக்கு அனுப்புவதை இங்கே 'சுட்டி' என்பார்கள். பதினொன்றரை இருக்கும், மகன் வந்து, "சிஸ்டர், சுட்டி?" என்றார். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லி ஒரு புன்னகை வேறு செய்தேன். அவருக்கு ஓர் உபகாரம் செய்துகொண்டிருப்பதாக எனக்குள் ஏதோ ஒன்று நம்பியிருக்கிறது. அவசர நோயாளிகள் வரும் கீழ்த்தளத்துக் கேஷுவல்ட்டியிலிருந்து போன் வந்தது, பதினான்கு காலியா என்று. "ஹோ ரஹா ஹை" என்றேன், நடந்துகொண்டிருக்கிறது என்று. நடந்துகொண்டிருந்தது கடிகாரம் மட்டும்தான். பன்னிரண்டு ஐந்துக்கு அந்த அம்மாளை அனுப்பினேன். மகன் மணியைப் பார்த்துவிட்டு, "பன்னிரண்டு மணி பஸ் போய்விட்டது. இனி நாலு மணிக்குத்தான்" என்றார், கோபமே இல்லாமல். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் நேரம் எதையும் கேட்கவில்லை. இங்கும் கல்யாணத்துக்கு நாள் பார்க்கிறார்கள், ஆனால் ஆஸ்பத்திரியை விட்டுப் போக யாரும் நேரம் பார்த்து நான் பார்த்ததில்லை.

பன்னிரண்டரைக்கு அந்தப் படுக்கைக்கு வந்தவர் எழுபது வயதுக்காரர், மூச்சுத்திணறல். பதினொரு மணியிலிருந்து கீழே கேஷுவல்ட்டி வராந்தாவில் ஸ்ட்ரெச்சரில் கிடந்திருக்கிறார். ஆக்சிஜன் இருந்தது, டாக்டர் பார்த்திருந்தார், ஆபத்தில்லை. ஆனால் அந்தக் குறுகலான ஸ்ட்ரெச்சரில் சாயவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் ஒன்றரை மணி நேரம். அவர் மனைவி எக்ஸ்ரே உறையால் அவருக்கு விசிறிக்கொண்டே உள்ளே வந்தாள். தலையணையை உயர்த்தி வைத்தபோது என்னைப் பார்த்து, "படுக்கை கிடைத்துவிட்டது, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்" என்றாள். நான் திரும்பிக்கொண்டேன்.

பில் முடிந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் படுக்கை காலியாகாவிட்டால் கம்ப்யூட்டர் காரணம் கேட்கும். ஒரு பட்டியல் விரியும். இன்ஷூரன்ஸ் தாமதம், மருந்து வரவில்லை, வண்டி வரவில்லை, நோயாளியின் வேண்டுகோள், இதர. பட்டியல்களால் பிழைத்த நான் ஒரு பட்டியலில் எதைத் தொடுவது என்று தெரியாமல் நின்றது அன்றுதான். நோயாளியின் வேண்டுகோள் என்று தொட்டுவிட்டால் முடிந்தது, யாரும் கேட்கப் போவதில்லை. மன்னார்குடியில் அது உண்மையாகவும் இருந்திருக்கும். திரையை அப்படியே விட்டுவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படியில் நின்று சுமதி அக்காவுக்குப் போன் செய்தேன்.

முழுதும் கேட்டுவிட்டு அக்கா சிரித்தார். "அடிப்பாவி, இங்கேந்து ராகு காலத்த பொட்டியில வச்சு எடுத்துட்டுப் போனியா?" பிறகு குரல் மாறியது. "பேஷன்ட் கேட்டாங்கன்னு போட்டுட்டுப் போயேன்டி. அந்தம்மா ஊருக்குப் போயாச்சு. யாரு போயி கேக்கப் போறா?"

"கீழ ஒருத்தர் ஸ்ட்ரெச்சர்ல கெடந்தாரு, அக்கா."

"இப்ப நல்லாதானே இருக்காரு? சரி, நான் ஒண்ணு சொல்லணும். திங்கக்கெழமை புதுப் பொண்ணு ஒருத்தி இன்டர்வியூவுக்கு வர்றா, ஒன் எடத்துக்கு. அதுக்கு மேல என்னால புடிச்சு வைக்க முடியாது. வர்றியா இல்லியா, ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லிடு."

படியிறங்கி வந்து திரைக்கு முன் உட்கார்ந்தேன். பொய்யைத் தொட்டால் செந்திலோடு ஒரே வீடு. தொடாவிட்டால் இந்த வேலை போகும் என்றே நினைத்தேன். ஆனால் என் கையை எனக்குத் தெரியும். அடுத்த வெள்ளிக்கிழமையும் அது அதையே செய்யக்கூடும், யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் ஒழிய. 'இதர' என்பதைத் தொட்டு, சின்னப் பெட்டியில் ஆங்கிலத்தில் எழுதினேன்: நோயாளி கேட்கவில்லை, என் ஊர்ப் பழக்கத்தால் நானாகவே தாமதித்தேன், கேஷுவல்ட்டிக்குத் தவறான பதில் சொன்னேன்.

மறுநாள் காலை சாஹூ மேடம் கூப்பிட்டார். நான் எழுதியதை அச்செடுத்து மேசையில் வைத்திருந்தார். அவர் முதலில் வேறுவிதமாகப் புரிந்துகொண்டிருந்தார். "வெள்ளிக்கிழமை உனக்கு விரதமா? பூஜை செய்யப் போனாயா? அப்படியென்றால் முன்பே சொல்லியிருக்கலாமே, வேறு ஷிஃப்ட் போட்டிருப்பேன்" என்றார். இல்லை மேடம், என்று அரைகுறை இந்தியில் ராகு காலத்தை விளக்கினேன். பாம்பு, கிரகம், ஒன்றரை மணி நேரம் என்று சொல்லச் சொல்ல எனக்கே அது யாரோ சொல்லும் கதை போல இருந்தது.

"நீ இதை நம்புகிறாயா?"

"இல்லை மேடம்."

"நம்பாமலேயே செய்தாயா?"

"ஆமாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நம்பிச் செய்தால் செய்யாதே என்று சொல்லலாம். இதற்கு நான் என்ன சொல்வது?" என்றார். அச்செடுத்த தாளை மடித்து ஃபைலில் வைத்தார். பிறகு, "உன்னை வார்டில் வைக்க மாட்டேன்" என்றார்.

நான் கழுத்தில் இருந்த தற்காலிக அனுமதி அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வாக்கியம் வரவில்லை, நூற்றிருபதில் ஒன்றுகூட.

"இதை ஏன் கழற்றுகிறாய்? திங்கட்கிழமை இது இல்லாமல் கேட்டில் விடமாட்டான்" என்றார் மேடம். "கேஷுவல்ட்டி. காலை எட்டு மணி. மூன்று மாதம் கீழே நில். படுக்கை எப்போது காலியாகும் என்று நீ மேலே போன் செய்து கேள்."

"அப்படியானால் வேலை, மேடம்?"

"கேஷுவல்ட்டியில் இருப்பது வேலை இல்லாமல் வேறென்ன?" என்று மறுபடி குனிந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சுமதி அக்காவிடம் ஆளை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "நல்லா இருடி" என்று சொல்லிவிட்டு, போனை வைக்காமலே இருந்தார். நானும் வைக்கவில்லை. பின்னால் யாரோ ட்ரிப் பாட்டில் ஸ்டாண்டை உருட்டிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. அடுத்து அம்மாவுக்குச் சொன்னேன். நடந்த கதையைச் சொல்லவில்லை, வேலை கிடைத்ததை மட்டும். அம்மா சந்தோஷப்பட்டாள். எண்ணிப் பத்து விநாடி. "திங்கக்கெழமை எட்டு மணிக்கா? ஏழரைலேந்து ஒம்போது வரைக்கும் ராகு காலம்டி பாப்பா! மொத மொத காலடி வக்கிற எடம். புதன்கெழமை சேர்றேன்னு ஒரு வார்த்த சொல்லிப் பாரேன்."

"அம்மா, அதெல்லாம் இங்க சொல்ல முடியாதும்மா."

"ஏன், வாய் தொறந்து கேட்டா வேலைய புடுங்கிடுவாங்களா?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான் செந்திலைப் பார்த்தேன். அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, "நாளைக்கு ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுட்டு, ஏழு மணிக்கு நானே கொண்டு போயி விட்டுடுறேன். ஏழேகாலுக்கு உள்ள போயி நின்னுக்க. அத்தைக்கும் ஆச்சு, மேடத்துக்கும் ஆச்சு" என்றார். டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவர்.

அப்படியே போனேன். ஏழு இருபதுக்குக் கேஷுவல்ட்டியின் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, சுடிதாரும் தோள்பையுமாக நின்றேன். கேஷுவல்ட்டிச் சீருடை வேறு, அதை எட்டு மணிக்குத்தான் தருவார்கள், வருகைப் பதிவும் அப்போதுதான். அதுவரை எனக்கு அங்கே உட்காரவும் இடமில்லை, வெளியே போகவும் மனமில்லை. வருகிறவர்கள் என்னை நோயாளியின் உறவுக்காரி என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள். ஏழு நாற்பதுக்கு ஒரு ஆட்டோவில் நடுத்தர வயதுக்காரர் ஒருவரைத் தாங்கிக் கொண்டுவந்தார்கள். உடம்பெல்லாம் வியர்வை, கண் செருகிக்கொண்டிருந்தது. இருந்த ஒரே நர்ஸ் ஆக்சிஜன் இழுக்க ஓடினாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பையைத் தரையில் வைத்துவிட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி மெலிந்து வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கேட்டால் ஏழு இருபதுக்கே சேர்ந்துவிட்டேன் என்பேன். மேடத்தின் பதிவேட்டில் எட்டு மணி என்று இருக்கும். நோயாளியின் மனைவி என் சுடிதாரையும் தரையில் கிடந்த பையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்கள் இந்த ஆஸ்பத்திரியா?" என்று கேட்டாள்.

"எட்டு மணிக்கு மேல்" என்றேன். கையை எடுக்கவில்லை.